மணி அடிக்க வேண்டாம்

கண்ணு, அம்மணி, ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு ஊரில் இருக்கிறீர்கள். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ பார்ப்பீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது முடித்ததும் லேத்துக்குப் போனவன். எழுத்தில் பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். ஆனால் கடைசிவரை படியுங்கள்.

போன வாரம் பெரியவன் போனில் கேட்டான், தினமும் சாப்பாடு வரவழைக்க எந்த ஆப் நல்லது என்று. நம் வீட்டிலேயே எனக்குத்தான் அதில் அனுபவம் ஜாஸ்தி என்று கேலியும் செய்தான். பெங்களூரில் அவன் எடுத்திருக்கும் ஒற்றை அறைக்குப் பக்கத்தில் கடை எதுவும் இல்லையாம், மூன்று வேளையும் ஆப்தானாம். சின்னவளும் சென்னையில் ஹாஸ்டலை விட்டுவிட்டுத் தனியாக அறை பார்க்கப் போவதாகச் சொல்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்று அன்றைக்குப் போனை வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால்தான் வைத்தேன்.

உங்கள் மாமன் பெருந்துறை வீட்டில் வழுக்கி விழுந்தார், ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், இப்போது நம்மோடு இருக்கிறார். உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அப்போது பெரியவன் புது வேலையில் சேர்ந்திருந்தான், சின்னவளுக்குப் பரீட்சை. அதற்கு மேல் சொல்ல வேண்டாம் என்று அம்மாவும் நானும் விட்டுவிட்டோம். மீதியையும் சொன்னால்தான் எந்த ஆப் நல்லது என்று நான் சொல்வதன் காரணம் விளங்கும்.

மாமனைப் பற்றி உங்களுக்கே தெரியும். அம்மாவுக்கு ஒரே அண்ணன். பெருந்துறைத் தொழிற்பேட்டையில் நூல் மில்லில் ஷிப்டு பார்த்து ஓய்ந்தவர். ஜாதகம் கொடுத்துக் கொடுத்து, பெண் பார்த்துப் பார்த்து, ஒரு வயதுக்கு மேல் போதும் என்று நிறுத்திக்கொண்டவர். சர்க்கரை வியாதி. சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். காலில் கட்டைவிரலை எடுத்த பிறகு அடுப்புக்கு முன்னால் அவரால் நிற்க முடியவில்லை. நம் வீட்டுக்கு வாருங்கள் என்றால், தங்கச்சி வீட்டில் போய் உட்கார்ந்து தின்பதா என்பார். சமையலுக்கு ஒரு அம்மாவை வைக்கலாம் என்றால், தனியாள் வீட்டுக்குள் பொம்பளை வந்துபோனால் அக்கம்பக்கத்தில் என்ன பேசுவார்கள் என்பார். கோயமுத்தூரில் இருந்துகொண்டே பெருந்துறைக்குச் சோறு அனுப்ப முடியாதா என்று அம்மா கேட்டாள். முடியும் என்று நீங்கள் ரெண்டு பேரும் சொன்னீர்கள். அப்போது நீங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? மாமன் வீட்டில் மூன்று போனைத் தரையில் வைத்துக்கொண்டு, மூன்று ஆப்பிலும் ஒரே நேரத்தில் ஒரே சாப்பாட்டைப் போட்டீர்கள். அரிசிம்பருப்பு சாதம். எது சூடாக வருகிறது, எது சீக்கிரம் வருகிறது, எதற்கு டெலிவரிக் கட்டணம் குறைச்சல் என்று பரீட்சை வைத்தீர்கள். ஆப்களின் பேர் எனக்கு வாயில் நுழையாததால், கொண்டுவருபவர்களின் சட்டை நிறத்தை வைத்துப் பச்சை, நீலம், காப்பிக்கலர் என்று அன்றைக்கு ஆரம்பித்ததுதான். மாமன் நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குன்னு ஒருத்தியும் வரல. சோத்துக்காச்சும் மூணு பேரு தேடிக்கிட்டு வாராங்க பாருங்க மாப்ள" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவரும்தான் சிரித்தார்.

காப்பிக்கலர் ஈரோட்டிலிருந்து கொண்டுவந்தது. ஆறிப்போய், ரசம் பைக்குள் கொட்டி, சாதம் கட்டியாக இருந்தது. அதை அன்றைக்கே விட்டோம். பச்சையில் சாப்பாடு சூடு. ஆனால் கொண்டுவருபவர் கேட்டில் நின்று நான்கு எண்கள் கேட்பார், அதைச் சொன்னால்தான் பையைக் கொடுப்பார். நீலம் கொஞ்சம் தாமதம். ஆனால் மாதச் சந்தா கட்டிவிட்டால் டெலிவரிக் கட்டணம் கிடையாது, எண்ணும் கேட்பதில்லை. முதலில் பச்சையையே எடுத்தோம், மாமன் சூடாகச் சாப்பிடுவார் என்று. தினமும் மதியம் ஒரு தடவை போட்டால் ராத்திரிக்கும் அதுவே ஆகும்.

பச்சையில் தினமும் ஒரு கூத்து. எண் என் போனுக்கு வரும். மாமனிடம் இருப்பது பட்டன் போன். நான் லேத்தை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்து, அவரைக் கூப்பிட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். அவர் கேட்டுக்குப் போவதற்குள் மறந்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுவார். எட்டா, மூன்றா என்பார். கூடவே இன்றைக்கு உப்புக் குறைவு, நேற்றுப் பொரியல் தேவலை என்று ரெண்டு வார்த்தை சொல்வார். எங்கள் பட்டறை முதலாளி இதைப் பார்த்துவிட்டு, மச்சானுக்கு ஊட்டிவிடத்தான் பாக்கி என்று கிண்டல் செய்வார்.

அதைவிடப் பெரிய தொல்லை மாமனின் பழக்கம். சோற்று நேரத்தில் வீட்டுக்கு வந்தவரை நிற்கவைத்து அனுப்பினால் அவருக்குப் பொறுக்காது. நம் பக்கம் எல்லோரும் ஒரு மரியாதைக்கு "வாங்க, சாப்புடலாம் வாங்க" என்று சொல்வோம். வந்தவரும் ஒரு மரியாதைக்கு இருக்கட்டுங்க என்று சொல்லிவிட்டுப் போவார். மாமன் மெய்யாகவே சொல்வார். கேட்டுக்குப் பக்கத்திலேயே அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார். உட்காரவைத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்து, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுவிட்டுத்தான் எண்ணைச் சொல்வார். வந்தவர்கள் மணியைப் பார்த்து ஓடுகிறவர்கள். சிலர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் மட்டும் உட்காருவார். நரைத்த தலை, சென்னிமலைப் பக்கம் தறி ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவர் என்று மாமன் சொன்னார். இன்றைக்குத் தறிக்காரர் வந்தார் என்று சொல்லும்போது அவர் குரலே வேறு மாதிரி இருக்கும்.

கொஞ்ச நாளில் பச்சையிலிருந்து ஒரு செய்தி வந்தது. இந்த முகவரியில் தாமதம் ஆவதாகப் புகார் வருகிறதாம். அதற்குப் பிறகு நான் சாப்பாடு போட்டால் எடுத்துப்போக ஆள் கிடைக்காமல் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருநாள் மதியம் மாமன் ஊசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், சோறு வரவில்லை. வேர்த்து, கை நடுங்கி, டப்பாவில் இருந்த நாட்டுச் சர்க்கரையை அள்ளித் தின்று தப்பித்தார். அன்று சாயங்காலமே பெரியவன் என் போனை வாங்கி நீலத்துக்கு மாற்றினான். அதில் ரெண்டு கட்டம் இருந்தது. ஒன்று, கேட்டிலேயே வைத்துவிடவும். இன்னொன்று, மணி அடிக்க வேண்டாம். ரெண்டிலும் டிக் போட்டான். யாரையும் உட்காரவைக்க முடியாது, யாருக்கும் தாமதம் ஆகாது. வைத்ததற்கு அடையாளமாக அவர்களே போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள். மூளைக்காரன் என்று அம்மா அவனைத் தட்டிக்கொடுத்தாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதில் யார் மேலும் எனக்குக் குறை இல்லை, கண்ணு. அன்றைக்கு அந்தக் கட்டம் என் கண்ணில் பட்டிருந்தால் நானே போட்டிருப்பேன், எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாவிட்டால் இனிமேலும் நீ போடுவாய். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாளே பையை நாய் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த நாள் பட்டறையில் ஒரு கொக்கி செய்தேன். எட்டு எம்எம் கம்பியை வளைத்து, பைக் காது அறுந்துவிடாமல் இருக்க மழமழவென்று பாலிஷ் போட்டு, அடியில் மரை வெட்டி, ரெண்டு நட்டு போட்டு இறுக்குகிற மாதிரி. சாமிக்கு வேல் செய்வது போலச் செய்கிறீர்களே என்றார் முதலாளி. ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுக் கம்பியில் மாட்டிவிட்டு வந்தேன். நாய்க்கு எட்டாது. மாமனுக்குக் குனிய வேண்டியதில்லை.

நன்றாகத்தான் நடந்தது. சாப்பாடு போடுவேன், கொஞ்ச நேரத்தில் "வழங்கப்பட்டது" என்று வரும், கூடவே போட்டோ வரும். கேட்டு, கொக்கி, கொக்கியில் பை. முந்தின நாள் பை கொக்கியில் இல்லை என்றால் மாமன் எடுத்துச் சாப்பிட்டுவிட்டார் என்று அர்த்தம். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. லேத்தை நிறுத்தவேண்டியதில்லை. கையைத் துடைக்கவேண்டியதில்லை. எண் சொல்லக் கூப்பிடவேண்டியதில்லை என்பதால், மெள்ள மெள்ள மதியம் கூப்பிடுவதே நின்றுபோனது. சாயங்காலம் அம்மா பேசுவாள். அதுவும் சுருங்கிக்கொண்டே வந்தது. "எங்கண்ணன் இப்பெல்லாம் பேச்சே இல்லீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றாரு" என்று ஒருநாள் சொன்னாள். சோறு எப்படி வருகிறது என்று அந்த வாரம் நான் மாமனிடம் கேட்டேன்.

"சோறு வருதுங்க மாப்ள. ஆளுதான் வாரதில்லீங்க" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரித்தாரா என்று எனக்கு இப்போது நினைவில்லை.

போட்டோக்களை நான் சரியாகப் பார்க்கவில்லை, பையை மட்டும்தான் பார்த்தேன். பிற்பாடு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தபோதுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. ஆரம்பத்தில் எடுத்த படங்களில் கேட்டுக் கம்பிகளுக்குப் பின்னால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி கேட்டைப் பார்த்தபடி கிடந்தது. கொஞ்ச நாள் கழித்து எடுத்தவற்றில் அது சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்தது. ஒரு படத்தில் ஓரமாக வெள்ளையாக ஏதோ இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். மாமனின் வேட்டி. கம்பிக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறார். வந்தவரைப் பிடித்து ரெண்டு வார்த்தை பேசலாம் என்று காத்துக்கொண்டு நின்றிருப்பார். எடுத்தவருக்குப் பை தெளிவாக விழுந்தால் போதும். மாமன் இடுப்புக்கு மேல் படத்தில் இல்லை.

அப்புறம் வெள்ளகோவிலில் அந்தக் கல்யாணம் வந்தது. அம்மாவின் பெரியப்பா பேத்திக்கு. உங்கள் ரெண்டு பேராலும் வர முடியவில்லை. மாமனைக் கூப்பிட்டோம். வரமாட்டேன் என்றார். அங்கே போனால், உங்கள் கல்யாணச் சோறு எப்போது என்று இந்த வயதிலும் எவனாவது கேட்பான் என்றார். அது மெய்தான், கேட்பார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையிலேயே மண்டபத்துக்குப் போய்விட்டோம். மதியம் சீர்த்தட்டு அடுக்கிக்கொண்டிருக்கும்போது நடுவில் போனை எடுத்து மாமனுக்குச் சாப்பாடு போட்டேன். பிறகு "வழங்கப்பட்டது" என்று வந்தது. ரெண்டு கையிலும் தட்டு இருந்தது. போட்டோவைத் திறந்து பார்க்கவில்லை. சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள், போன் அணைந்திருப்பதாகச் சொன்னது. சார்ஜ் போட மறப்பது மாமனுக்கு வழக்கம்தான். காலையில் பேசிக்கொள்ளலாம் என்றாள். காலையில் முகூர்த்தம், அவள் மணப்பெண்ணோடு மேடையில் இருந்தாள்.

முகூர்த்தம் முடிந்து பந்திக்குப் போகும் முன் சாப்பாடு போட்டேன். இலை போட்டு, இனிப்பு வைத்து, சாதம் விழுந்து, பருப்பும் நெய்யும் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. பக்கத்து இலைக்காரர் மேட்டுக் காட்டில் போர்வெல் போட்டுத் தண்ணீர் வராத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இடது கையால் போட்டோவைத் திறந்தேன்.

கொக்கியில் ரெண்டு பை தொங்கியது.

புதுப் பை மேலே, பழைய பை கீழே. பழைய பையின் மூலையைக் காக்கை கொத்திக் கிழித்திருந்தது. கேட்டுக் கம்பியிலும் தரையிலும் சாதம் சிந்திக் கிடந்தது. படம் நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள், ரெண்டு பையும் நடுவில் தெளிவாக விழுந்திருந்தது.

எழுந்துவிட்டேன். பந்தியில் பாதி இலையில் எழக்கூடாது என்று பக்கத்துக்காரர் என் சட்டையைப் பிடித்தார். சாதம் ஒட்டிய கையோடு மேடைக்குப் போய் அம்மாவிடம் போனைக் காட்டினேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பட்டுச்சேலையோடு வந்து காரில் ஏறினாள்.

வெள்ளகோவிலிலிருந்து காங்கயம், காங்கயத்திலிருந்து சென்னிமலை, அங்கிருந்து பெருந்துறை. அந்தப் பழைய காரை நான் அப்படி ஓட்டியதில்லை. அம்மா போனை வைத்துக்கொண்டு முயற்சி செய்தபடியே வந்தாள். மாமனின் போன் அணைந்துதான் இருந்தது. மாமன் வீட்டுக்கு ஒரு பக்கம் காலி மனை. இன்னொரு பக்கம் ஷிப்டு வேலைக்குப் போகிற வெளியூர்ப் பையன்கள் குடியிருந்தார்கள், அவர்கள் எண் நம்மிடம் கிடையாது. சாப்பாடு கொண்டுபோனவரைக் கூப்பிட்டாள். ஆர்டர் முடிந்துவிட்டதால் அந்த எண் வேலை செய்யாது என்றது. ஆப்பிலேயே புகார் எழுதினாள். உடனே பதில் வந்தது, அது ஆள் இல்லை, இயந்திரம். உங்கள் ஆர்டர் வெற்றிகரமாக வழங்கப்பட்டது என்றது. வீட்டில் இருப்பவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எழுதினாள். உணவு சிந்திவிட்டதா, பொருள் குறைவாக இருந்ததா, தாமதமாக வந்ததா, ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் என்றது. அதை அவள் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். காங்கயம் தாண்டினோம்.

பிறகு சொன்னாள், "பச்சையில சோறு போடுங்க."

அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். இப்போது எதற்குச் சோறு என்று கேட்டேன்.

"சோறு போட்டா ஒரு ஆளு போவாருங்கல்ல? பச்சைக்காரரு நம்பரு கேக்காமத் திரும்ப மாட்டாரு. நம்ம போறதுக்குள்ள அவரு போயிருவாரு" என்றாள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. என் போனில் பச்சை அழியாமல் கிடந்தது. மாமன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த பேக்கரியில் ஒரு டீ போடச் சொன்னேன். போட்டாள். இந்த முகவரியில் தாமதம் ஏற்படலாம் என்று பழைய எச்சரிக்கை வந்தது. பிறகு ஆள் தேடுகிற வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நான் ரோட்டைப் பார்த்தேன், அவள் வட்டத்தைப் பார்த்தாள். சுத்துதுங்க, இன்னும் சுத்துதுங்க என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த ரோட்டில் ரெண்டு பக்கமும் வெறும் மேய்ச்சல் காடு, கிளுவை வேலி, வெய்யில். எதிரில் ஒரு வண்டிகூட வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

சென்னிமலை வருவதற்குள் யாரோ எடுத்துக்கொண்டார்கள். ஊருக்குள் நெரிசலில் நாங்கள் நிற்கும்போது போன் அடித்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"டீ வந்திருக்குதுங்க, நம்பரு சொல்லுங்க" என்றது குரல். வயசான குரல். உடனே நிறுத்தி, "ஏனுங்க, இங்க ரெண்டு பை தொங்குதுங்களே. பெரியவரு ஊட்டுல இல்லீங்களா?"

தறிக்காரர்தான். அதற்கு முன் அவர் குரலை நாங்கள் கேட்டதில்லை. ஆனாலும் ரெண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

"அண்ணா, டீயைக் கீழ போட்டுருங்க. ஊட்டுக்குள்ள போயிப் பாருங்க. நான் அவரு தங்கச்சி" என்றாள் அம்மா.

"கேட்டு உள்பக்கம் தாப்பா போட்டிருக்குதுங்க அம்மணி."

"ஏறிக் குதிங்கண்ணா. நான் சொல்றனுங்க, குதிங்க."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போல. துணி உரசுகிற சத்தம் கேட்டது. கேட்டு அதிர்கிற சத்தம். தொப்பென்று ஒரு சத்தம். கதவைத் தட்டி, ஐயா, ஏனுங்க ஐயா என்று கூப்பிடுகிறார். கதவு திறக்கிற சத்தம். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. எனக்குப் பின்னால் பஸ்காரர் ஆரன் அடிக்கிறார், வண்டியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. அம்மா போனைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"அம்மணி, மூச்சு இருக்குதுங்க" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தறிக்காரர் வரவழைத்த ஆம்புலன்ஸ் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. மாமன் குளியலறைக்குப் போகிற வழியில் கிடந்திருக்கிறார், முந்தின நாள் காலையிலிருந்து. இடுப்பெலும்பு உடைந்து, நகர முடியாமல். தறிக்காரர் துண்டை நனைத்து அவர் உதட்டில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய போனில் அடுத்தடுத்த ஆர்டருக்காகச் சத்தம் வந்துகொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

பேச வந்த பிறகு மாமன் என்னிடம் ஒருதரம்தான் அதைப் பற்றிப் பேசினார்.

"கேட்டுச் சத்தம் கேட்டுதுங்க மாப்ள. போட்டோ புடிக்கிற சத்தமும் கேட்டுது. மொத நாளு கொரல் இருந்துச்சு, கூப்புட்டேன். அவரு எல்மெட்டுப் போட்டிருந்திருப்பாரு. மக்யா நாளும் வந்தாங்க. அன்னைக்குக் கொரல் வரலீங்க." அப்புறம், "அவிங்கள ஒண்ணும் சொல்லீராதீங்க. மணி அடிக்க வேண்டாம்னு நாமதான போட்டிருந்தோம்" என்றார்.

இப்போது பெரியவனின் அறையில்தான் படுத்திருக்கிறார். தங்கச்சி வீட்டில் உட்கார்ந்து தின்பதா என்ற பேச்சையே எடுப்பதில்லை. கேஸ் வண்டி வந்தாலும், பால்காரர் வந்தாலும், காற்றுக்குக் கேட்டு ஆடினாலும் உடனே உள்ளேயிருந்து "யாருங்க?" என்று கேட்பார். யாராவது போய், இன்னார் என்று பதில் சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார். நீங்கள் தீபாவளிக்கு வந்தபோது வயசாகிவிட்டது என்று நினைத்தீர்களே, அது வயசு இல்லை.

சரி கண்ணு, நீ கேட்டதற்கு வருகிறேன். விலை வேண்டுமானால் நீலம்தான் குறைவு. சந்தா கட்டினால் தினமும் சாப்பிடுகிறவனுக்குக் கட்டுபடியாகும். சூட்டுக்குப் பச்சை. காப்பிக்கலர் வேண்டாம், அது உங்கள் ஊரில் எப்படியோ தெரியாது. தினமும் சாப்பிட நீ பச்சையைப் போடு. கட்டணம் எச்சாக ஆகும், ஆகட்டும். ஒரு ஆள் வந்து நிற்க வேண்டும், நீ கதவைத் திறக்க வேண்டும், வாயைத் திறந்து எண்ணைச் சொல்ல வேண்டும். நீ எண் சொல்லாத அன்றைக்கு எனக்குச் செய்தி வருகிற மாதிரி என் எண்ணையும் அதில் போட்டு வை. அம்மணி, உனக்கும் இதேதான். தனி அறைக்குப் பெண் பிள்ளை கதவைத் திறக்கலாமா என்று அம்மாவுக்குப் பயம். அவள் பயமும் நியாயமானதுதான். சங்கிலியைப் போட்டுக்கொண்டே திற, ஆனால் உன் குரல் வெளியே கேட்கட்டும்.

ஆனால் ஒன்று. நேற்று இதை எழுதுவதற்காகப் பச்சையைத் திறந்து பார்த்தேன். புதிதாக மாற்றியிருக்கிறார்கள். அதிலும் இப்போது அந்த ரெண்டு கட்டம் வந்திருக்கிறது. வாசலிலேயே வைத்துவிடவும். மணி அடிக்க வேண்டாம். நான் தொடுவதற்கு முன்பே ரெண்டிலும் டிக் விழுந்திருந்தது. சின்ன எழுத்து, கவனிக்காவிட்டால் தெரியாது. எடுத்துவிட்டுத் திரும்பத் திறந்தேன், மறுபடியும் டிக் இருந்தது. ஒவ்வொரு தடவையும் பார்த்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும்.

மாமனை நம் வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, அவருடைய துணிமணிகளை எடுத்துவர நான் மட்டும் பஸ்ஸில் பெருந்துறை போனேன். வீட்டைப் பூட்டிவிட்டு, கேட்டைச் சாத்திவிட்டு, பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன். கொக்கியைக் கழற்றத்தான் கொண்டுபோயிருந்தேன். லேசில் வரவில்லை, நான் இறுக்கியதுதானே. ரெண்டாவது நட்டு கையைக் கிழித்த பிறகுதான் அசைந்தது. பை மாட்டி மாட்டி உள்வளைவில் ஒரு கோடு தேய்ந்து மற்ற இடத்தைவிட வெள்ளையாக இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு மணியை அழுத்தினேன். உள்ளே பூட்டிய வீட்டுக்குள் குருவி கத்துகிற அந்தப் பழைய சத்தம் நன்றாகக் கேட்டது. கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன்.